நுரை போகும்வரை

சலவை ஆலையின் கண்ணாடி அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் பூட்டு சார் உட்காருவார். இன்னொன்றில் அவருடைய பை உட்காரும். அவள் அந்த அறைக்கு வந்த முதல் நாள், பையை எடுத்துக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. எடுக்கலாமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மானேஜர் எட்டிப் பார்க்கும்வரை சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்கார வேண்டியதுதானே? கையப் பிடிச்சு உக்கார வைக்கணுமா?" என்றார் பூட்டு, மானேஜர் காதில் விழும்படி.

ஆலையில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் பூட்டு என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கம்ப்யூட்டர் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். பாஸ்வேர்ட் அடிக்கும்போது முழங்கையை மடக்கி மறைத்துக்கொள்வார். கீழே ஓடும் பெரிய பெரிய சலவை இயந்திரங்கள் எப்போது தண்ணீர் பிடிக்க வேண்டும், எப்போது வடிக்க வேண்டும், எப்போது பிழிய வேண்டும் என்ற புரோகிராம் எல்லாம் அவர் எழுதியது. வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். இரண்டாவது நாற்காலியைத் தன் மனைவியின் தம்பிக்கு என்று எப்போதோ மனதுக்குள் பட்டா போட்டுவிட்டார்.

அவளுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. ம்யூட். வைத்தது அவளுடைய அண்ணி. "எங்க வீட்டு ம்யூட்டு. ரிமோட்டே வேணாம்" என்று வேலைக்குச் சேர்த்துவிட்ட அன்றே சொல்லிச் சிரித்தாள். அண்ணிதான் ஆலையில் துணி பிரிக்கும் பகுதிக்கு சூப்பர்வைசர். வேதியியல் படித்துவிட்டு வேலை தேடித் தேடிச் சலித்து, அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள், அண்ணியின் கீழேயே சேர்ந்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மருத்துவமனையிலிருந்து வரும் பெட்ஷீட்டுகளைக் கறை பார்த்துப் பிரிக்கும் வேலை. பகலெல்லாம் ஆலையில் அண்ணி. மிச்ச நேரமெல்லாம் வீட்டில் அண்ணி. மூச்சு விட இடம் என்றால் நடுவில் வரும் பஸ் பயணம்தான். அதிலும் பக்கத்து சீட்டில் அண்ணி.

அந்த மருத்துவமனைதான் அவளைக் கண்ணாடி அறைக்கு ஏற்றிவிட்டது. பெட்ஷீட்டில் சோப்பு போகவில்லை, நோயாளிகளுக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது என்று புகார் மேல் புகார். மானேஜர் ஒரு இயந்திரத்தின் கதவுக் கண்ணாடியில் நுரை பார்க்கும் சென்சார் ஒன்றைப் பொருத்தச் செய்தார். நுரை தெரிந்தால் 'ஆம்' என்னும், தெரியாவிட்டால் 'இல்லை' என்னும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பேச்சு. அதற்கேற்றபடி புரோகிராமை மாற்றச் சொன்னபோது பூட்டு, "இத்தனை வருஷமா ஓடுறதை எதுக்கு சார் நோண்டணும்?" என்று முறுக்கிக்கொண்டார். மானேஜருக்குச் சுருக்கென்றது. கோப்பைப் புரட்டி, பி.எஸ்.சி. என்று எழுதியிருந்த ஒரே ஆளைத் துணிக் குவியலுக்குள்ளிருந்து கூப்பிட்டுவிட்டார்.

"படிச்ச பொண்ணு. சொல்லிக் குடுங்க. சரியா வந்தா இங்கயே இருக்கட்டும். வரலைன்னா மறுபடி கீழ."

கீழே என்றால் அண்ணி. மானேஜருக்கு அது ஒரு சொல். அவளுக்கு அப்படியில்லை.

பூட்டு பாடம் எடுத்தார். அதற்குப் பாடம் என்று பெயர்.

"லூப்னா என்னன்னு தெரியுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யறது. உங்க அண்ணி உன்னைத் திட்டற மாதிரி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு வகை. ஃபார்னா எண்ணிக்கை. மூணு தடவை அலசுன்னா மூணு தடவை அலசும். துணி அழுக்கா, சுத்தமான்னு பாக்காது. நான் எழுதினதெல்லாம் ஃபார்தான். அடுத்தது வைல். அதுக்கு ஒரு நிபந்தனை குடுக்கணும். அது உண்மையா இருக்கற வரைக்கும் செய்யும். பொய்யானா நிறுத்திடும்."

"மூணாவது சார்?"

"டூ-வைல். அது எதுக்கு உனக்கு? மொதல்ல ரெண்டை ஒழுங்கா கத்துக்க." திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அவள் காகிதத்தில் தமிழிலேயே எழுதிப் பார்த்தாள். என்ன நடக்க வேண்டும்? நுரை போகும்வரை அலச வேண்டும். 'வரை' என்று வந்ததால் வைல். நிபந்தனை: நுரை போயிருக்கிறது. செய்ய வேண்டியது: இருக்கிற தண்ணீரை வடி, புதுத் தண்ணீர் பிடி, சுழற்று. வாய்விட்டுப் படித்தால் சரியாகத்தான் இருந்தது. பூட்டு அதை ஒரு பார்வை பார்த்தார். அவர் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"பிரமாதம். ஓட்டிப் பாரு. காலி டிரம்முலயே ஓட்டு, துணி எதுக்கு?"

ஓட்டினாள். இயந்திரம் தண்ணீர் பிடித்தது, சுழற்றியது, வடித்தது. மறுபடியும் பிடித்தது. மறுபடியும் வடித்தது. காலி டிரம்மில் நுரை ஏது? இருந்தும் அது அலசிக்கொண்டே இருந்தது. எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாடித் தொட்டி வற்றியது. இஸ்திரிப் பகுதிக்கு நீராவி நின்றது. மற்ற இயந்திரங்கள் எல்லாம் சோப்புத் துணியை வயிற்றில் வைத்துக்கொண்டு கூவத் தொடங்கிய பிறகுதான் பூட்டு எழுந்து வந்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

"யாருய்யா தண்ணிய முழுங்குனது?" என்று இஸ்திரிக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். அண்ணியும் வந்தாள்.

"இதுக்குத்தான் மேல ஏறி உக்காந்தியா? வீட்டுல ஒரு குழாயை ஒழுங்கா மூடத் தெரியாது. இவளை நம்பி மெஷினைக் குடுத்தாங்களாம். என் மானம் போகுது!"

மானேஜர் நெற்றியைத் தேய்த்தார். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். துணி போட்டு என் முன்னால ஓட்டணும். அதுவரைக்கும் எந்த மெஷினையும் தொடாதே."

ஆக, அவருடையதும் ஒரு 'வரை'தான்.

அன்று பஸ்ஸில் அண்ணி பேசிக்கொண்டே வந்தாள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தையே உருட்டிக்கொண்டிருந்தாள். நுரை போகும்வரை அலசு. நுரை இருக்கும்வரை அலசு. இரண்டும் ஒன்றுதானே? யாரிடம் எப்படிச் சொன்னாலும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். ஆனால் ஒன்றில் போவதைச் சொல்கிறோம், இன்னொன்றில் இருப்பதைச் சொல்கிறோம். 'வரை' இரண்டுக்கும் வளைந்து கொடுக்கிறது. வைல் வளையாது. எது உண்மையாக இருக்கிறபோது நான் ஓட வேண்டும் என்று மட்டும்தான் கேட்கும். நுரை இல்லாதபோது ஓடு என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதுவும் சொன்னபடி ஓடியிருக்கிறது. துணி போட்டிருந்தால் இன்னும் கேவலமாகியிருக்கும். நுரை வந்த உடனே வேலை முடிந்தது என்று நின்றிருக்கும்.

பூட்டுக்கு இது பார்த்த உடனே தெரிந்திருக்கும். அதனால்தான் அந்த நெளிவு.

"நான் பாட்டுக்குப் பேசறேன், நீ பாட்டுக்கு சிரிக்கிற?" என்றாள் அண்ணி. அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

நிபந்தனையைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, மேடையில் சாய்த்து வைத்திருந்த போனில் மூன்றாவது வகையையும் படித்தாள். 'டூ-வைல்: இதில் செயல் முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும்.' செய்துவிட்டுக் கேட்பதா? கேட்டுவிட்டுச் செய்வதுதானே முறை? இப்படி ஒன்று யாருக்கு வேண்டும் என்று அவள் யோசிக்கும்போதே பின்னால் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அண்ணி புயல் மாதிரி உள்ளே வந்தாள். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? போனை மேடையில வச்சுக்கிட்டு என்ன சீமைப் படிப்பு? பக்கத்துல நிக்கிறவளுக்குப் பால் பொங்கறது தெரியாதா? தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கத்தான் லாயக்கு. உங்க அண்ணன் குடுக்கற செல்லம்!" மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஆமா, பாலை அடுப்புல வச்சது யாரு?"

கூடத்தில் டி.வி. சத்தம் குறைந்தது. "நான்தான்..." என்றது அண்ணனின் குரல். "டீ போடலாம்னு..."

அண்ணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "திட்டினது திட்டினதுதான். திருப்பி வாங்கிக்க முடியுமா? துடை" என்று துணியை அவள் பக்கம் எறிந்தாள். டி.வி. சத்தம் பழையபடி கூடியது.

சனிக்கிழமை மானேஜர் சொன்ன நேரத்துக்குக் கீழே இயந்திரத்தருகே வந்துவிட்டார். பூட்டு சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஏதோ விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி. மருத்துவமனை பெட்ஷீட்டுகள் உள்ளே போயின. சோப்பு போட்டுத் துவைக்கும் பகுதி பூட்டின் பழைய புரோகிராம், ஒழுங்காக ஓடியது. சோப்புத் தண்ணீர் வடிந்தது. இனி அவளுடையது. நுரை இருக்கும்வரை அலசு. திருத்தி எழுதியதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்க விடவில்லை. இப்போதுதான் முதல்முறை.

தண்ணீர் குழாய் திறக்கும் சத்தத்துக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அது திறக்கவில்லை. டிரம் உறுமியது. வேகம் எடுத்தது. நேராகப் பிழியத் தொடங்கிவிட்டது.

"அலசவே இல்லையே!" என்றார் மானேஜர்.

"புது முறை சார். அலசாமலே காயப் போட்டுடலாம்" என்றார் பூட்டு. "தண்ணி மிச்சம். அன்னிக்கு முழுங்கின தண்ணிய இன்னிக்குத் திருப்பிக் குடுக்கறா."

அவளுக்குக் காது இரண்டும் சூடேறின. நுரை இருக்கும்வரை. நிபந்தனை சரி. வைல் சரி. பிறகு ஏன்? கதவு திறந்தது. துணியிலிருந்து சோப்பு வாடை குப்பென்று அடித்தது. மானேஜர் ஒரு துணியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை கீழ போயிடும்மா" என்றார் கடைசியில்.

"கவலைப்படாதீங்க சார். எங்க வீட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான்" என்று பூட்டு தொடங்கினார். "தங்கமான பையன். நாளைக்கேகூட வரச் சொல்றேன்."

வீணான துணியை எடுத்துப் போக ஆள் கூப்பிட்டார்கள். தள்ளுவண்டியோடு வந்தது அண்ணியேதான். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். இந்தக் காட்சியை விட மனம் வருமா? முழங்கைவரை கையை விட்டு ஒரு பெட்ஷீட்டை உருவினாள். அது விலாங்கு மாதிரி வழுக்கியது.

"அடிப் பாவி! சோப்புக் கட்டியையே துணியில சுத்திக் குடுத்த மாதிரி இருக்கே! இதுல படுத்தா நோயாளி பிழைப்பானா? பொழுதன்னைக்கும் போனைப் பாத்துப் பாத்து இதைத்தான் கத்துக்கிட்டியா? இத்தனையும் மறுபடி என் ஆளுங்க தலையிலதானே விழும்! உனக்கு மேல் மாடி வேற கேக்குது!" மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்: "ஆமா, தண்ணி விட்டுப் பாத்தியா இல்லையா?"

அந்த 'ஆமா' அவளுக்குள் எங்கேயோ போய் இடித்தது.

முதலில் கொட்டித் தீர்ப்பது. கேள்வி கடைசியில். பாலுக்கும் இதுதான். அண்ணி என்றைக்கும் இப்படித்தான். கேட்டுவிட்டுத் திட்டுகிறவளாக இருந்தால் பாதி நாள் திட்டுவதற்குக் காரணமே கிடைத்திருக்காது. பின்னால் கேட்பதால், என்ன ஆனாலும் ஒரு முறை திட்டு நிச்சயம்.

ஒரு முறை நிச்சயம்!

சோப்புத் தண்ணீரை வடித்தபின் டிரம்முக்குள் என்ன இருக்கிறது? நுரையெல்லாம் அடங்கி அடியோடு இறங்கிவிடும். சோப்பு துணிக்குள்ளே இருக்கும், கண்ணாடி உயரத்தில் ஒன்றும் இருக்காது. புதுத் தண்ணீர் விட்டுச் சுழற்றினால்தானே நுரை மேலே வரும்? அவளுடைய புரோகிராம் தண்ணீரே விடாமல், வாசலிலேயே நின்று, நுரை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறது. சென்சார் இல்லை என்றிருக்கிறது. இல்லை என்றால் வேலையும் இல்லை. வைல் உள்ளே நுழையாமலே திரும்பிவிட்டது.

அவளைப் போலவே. அவளும் பேசுவதற்கு முன் கேட்டுக்கொள்கிறவள்தான். சொல்லலாமா? தப்பாகிவிடுமா? சிரிப்பார்களா? உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்: வேண்டாம். அதனால் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

வெளியே போக மானேஜரின் கை வாசல் கதவின் பிடியில் இருந்தது.

"சார், நில்லுங்க!"

அது இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. தள்ளுவண்டி நின்றது. பூட்டு ஆவென்று பார்த்தார்.

"ம்யூட்டுக்குச் சத்தம் வருதுடோய்" என்று இயந்திரத்தருகே நின்ற யாரோ சொன்னார்கள்.

"கேள்வி தப்பில்ல சார். கேட்ட இடம் தப்பு. ஒரு தடவை அலசிட்டுத்தான் கேக்கணும். அலசாம கேட்டா அதுக்கு நுரை எப்படித் தெரியும்? இதே துணிய மறுபடி போடுங்க. ஒரே தடவை."

"ஆள் ஆளுக்கு விளையாட இது என்ன பொம்மையா?" என்றார் பூட்டு. "நான் திரையைப் பூட்டியாச்சு."

"திறங்க சார்" என்றாள் அவள்.

பூட்டு மானேஜரைப் பார்த்தார். மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் மருத்துவமனைக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும். "திறய்யா" என்றார்.

மேலே கண்ணாடி அறைக்குப் போய், பூட்டு முழங்கையை மடக்கி மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார். அவள் நின்றபடியே திருத்தினாள். மேலே இருந்த கேள்வியை எடுத்துக் கீழே வைத்தாள். செய் என்பது முன்னால், கேள் என்பது பின்னால். ஒரு வரி. பூட்டு அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வகையை ஏன் சொல்லித் தரவில்லை என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது.

"இவ்வளவையும் நானே மறுபடி தூக்கிப் போடணுமா?" என்று, அவர்கள் இறங்கி வந்ததும் அண்ணி கத்தினாள். கத்திக்கொண்டே போட்டாள்.

தண்ணீர்க் குழாய் திறந்தது. டிரம் மெதுவாகச் சுழன்றது. கண்ணாடியில் நுரை பொங்கி ஏறியது. வடிந்தது. மறுபடியும் தண்ணீர். நுரை குறைந்தது.

"இது நிக்காது பாருங்க" என்றார் பூட்டு. "தொட்டிய காலி பண்ணிட்டுத்தான் நிக்கும்."

கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. குமிழ்கள் ஓரத்தில் ஒட்டி நின்றன. பிறகு அவையும் இல்லை. வடிந்தது. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மறுபடியும் குழாய் திறந்துவிட்டால்? திறக்கவில்லை. டிரம் உறுமி வேகம் எடுத்துப் பிழிந்தது.

கதவைத் திறந்ததும் மானேஜர் துணியைத் தொடவில்லை. அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா. உங்களுக்குத்தானே பழக்கம்."

யாரிடம் கேட்கிறார்! சோப்பு இருக்கிறது என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை மூக்கில் துணி கட்டிக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான்.

அண்ணி பெட்ஷீட்டை உருவினாள். வாளித் தண்ணீரில் ஒரு முனையை நனைத்து, கசக்கி, முறுக்கிப் பிழிந்தாள். விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு துளி அன்பு இல்லை.

"இல்ல" என்றாள்.

"நல்லாப் பாருங்க" என்றார் பூட்டு. "அவசரமே இல்ல."

"பாத்தாச்சு சார். இல்லாததை இருக்குன்னு சொல்லி, இந்த மூட்டைய இன்னொரு தடவை நானே தூக்கணுமா? உங்களுக்கென்ன, மேல உக்காந்து டீ குடிப்பீங்க. அரிக்குதுன்னு திரும்பி வர்றதெல்லாம் எங்க தலையிலதான் விடியுது. அந்த ஃபாரோ கீரோ, அதை மொதல்ல தூக்கிப் போடுங்க." தள்ளுவண்டியை ஓங்கி ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு போனாள்.

மானேஜர் பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. "திங்கக்கிழமை இங்கயே வா" என்றார். போகிற போக்கில் பூட்டிடம், "அவளுக்குன்னு ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் குடுங்க" என்றார். பூட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

பஸ்ஸில் அண்ணி ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்பத் துள்ளாதே. எனக்கு ஒரு ஆள் குறையுது, அதை யாரு பாக்கறது? சம்பளம் ஏறினாலும் அடுப்படி அடுப்படிதான், தெரியுதா? கண்டவன் முன்னாடி நில்லுங்கன்னு கத்தற. பொண்ணா லட்சணமா இருக்கத் தெரியல..." நிறுத்தம் வரும்வரை அது நிற்காது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் எங்கே 'ஆமா' வரப்போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது. "ஆமா, அந்தப் பூட்டு இனிமே உன்னைச் சும்மா விடுவானா?"

"விட மாட்டார்" என்றாள் அவள்.

பதில் வரும் என்று அண்ணி நினைத்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் போனபோது பூட்டு முன்னாலேயே வந்திருந்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது நாற்காலியில் அவருடைய பை உட்கார்ந்திருந்தது. இப்போது அதன் மேல் சாப்பாட்டுப் பையும் இருந்தது.

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். பெரிய பையையும் எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியை மேசைக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பையை எடுக்கலாமா சார்?" என்று கேட்டாள்.